அப்பா இறங்கிய வண்டி

மகளைச் சென்னை வண்டியில் ஏற்றிவிடத் தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன். பார்சல் கூடைகளிலிருந்து வந்த கருவாட்டு வாடை என்னை ஏழு வயதுக்குக் கொண்டுபோனது.

அன்றும் இதே பிளாட்பாரம்தான். பெரியப்பாவின் பம்பாய்க் கடையில் வேலைக்குச் சேர அப்பா வண்டியேறி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பி வழியாக அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் கையை விலக்க அம்மா எவ்வளவோ பார்த்தாள். கடைசியில் அப்பா டிரங்குப் பெட்டியோடு இறங்கிவிட்டார்.

"பம்பாய்ல பெரியவங்களுக்கு என்ன சொல்லுவிய?" என்று அம்மா கேட்டாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கிடுவோம்."

அதன் பிறகு மாப்பிள்ளையூரணியில் ஒரு சின்னப் பலசரக்குக் கடையோடு அவர் காலம் போயிற்று. ஒருநாளும் அதை அவர் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

என் மகளுக்கு நாலு வயதானபோது நான் துபாய்க்குக் கிளம்பினேன். சட்டையைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனேன். திரும்பி வரப் பதினெட்டு வருஷமாயிற்று. இப்போது மனைவியும் இல்லை, வீட்டில் நான் மட்டும்தான்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்ளா," என்றேன்.

"லீவு இல்லப்பா. மாத்திரைய மறந்துராதீய," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

வண்டி நகர்ந்தது. நான் கையை உயர்த்தியபோது அவள் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.