பள்ளிக்குச் சுவர் எழுப்பியவர்

மலாய் நாடு சுதந்திரம் அடைந்த சமயம் காஜா பேராங் என்ற எங்கள் ஊரில் ஊர்க்காரர்களின் நன்கொடையில் தமிழ்ப்பள்ளி கட்டினோம். நான் அங்கே வாத்தியார். அக்கம்பக்கத்து ஆட்களே வேலைக்கு வந்தார்கள். கொத்தனார் பக்கத்திலிருந்த கம்போங் செட்டி என்ற கிராமத்துக்காரர். கட்டம் போட்ட சாரோங், தலையில் பாத்திக் துணி, சுண்ணாம்பு படிந்த புருவம். தலைமுறைகளுக்கு முன்பே தமிழை மறந்துவிட்ட செட்டி வம்சம்; பேசுவதெல்லாம் மலாய். ஒவ்வொரு வரிசைக் கல் வைக்கும் முன்பும் “சாமி” என்பார். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அதுதான்.

பள்ளி திறந்ததும் மகளைச் சேர்த்தார். சில நாள் கழித்து, மத்தியானம் பதற்றத்தோடு வந்து மலாயில் கேட்டார்:

“வாத்தியாரே, மக தமிழ்ல என்னமோ கேக்குறா, எனக்குப் புரியல. இப்படியே போனா எங்களுக்குள்ள பேச்சே இல்லாம போயிடுமா?”

அவள் கேட்டதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக் காட்டினார்.

“சாப்பிட்டீங்களா அப்பான்னு கேக்குறா,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. இன்னும் சாப்பிடவில்லை என்பதற்குத் தமிழில் என்ன சொல்ல வேண்டும் என்றார்.

“சாப்பிட்டுத்தானே வந்தீங்க? வாயில வெத்தல இருக்கே!”

“சாப்பிட்டேன்னு சொன்னா பேச்சு அதோட முடிஞ்சிடுமே.”

“இன்னும் இல்ல, இன்னும் இல்ல” என்று நான் கற்றுக்கொடுத்ததைச் சொல்லிப் பார்த்தபடியே வெயிலில் வீட்டுக்கு நடந்தார். அன்று அவர் இரண்டாவது தடவையும் வயிறாரச் சாப்பிட்டிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.