புழு கடித்த ஏழு இலைகள்

கண்காட்சி மண்டபத்தில் நடீன் ஸ்வோப் தன் போர்வையை மேசைமேல் விரித்ததும், பதிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஆர்ஃபா டீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள்.

"அட, மார்லா கடை கிட்டுதானே இது? என் நாத்தனார்கூட ஒண்ணு வாங்கினா. நீ ரொம்ப நல்லாத் தச்சிருக்கே நடீன். ஆனா 'சொந்த வடிவமைப்பு'ல இதைச் சேர்க்க முடியாது. கிட் பிரிவுல எழுதிக்கிறேன்."

நடீனுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தக் கிட்டு?"

"அதான், துணியெல்லாம் வெட்டி, செய்முறையோட பையில போட்டு விக்கிறாளே. இலையுதிர்காலப் போர்வை. வசந்தத்துலேர்ந்து கடை ஜன்னல்ல தொங்குதே, நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை. நடீன் துணிக்கடைப் பக்கமே போவதில்லை. பழந்துணித் துண்டுகளை இணைத்துத் தைக்க வேண்டிய போர்வையைக் கடையில் வாங்கிய துணியில் தைப்பது அவளைப் பொறுத்தவரை கடையில் வாங்கிய மீனைத் தூண்டிலில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வது மாதிரி.

பென்சில்வேனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். ரயில் பாதையைக் கடக்கும் முன் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது சட்டம். அப்படி நிற்கும் இடத்தில் ஒரு பெரிய மேப்பிள் மரம். அக்டோபர் முழுக்க, நாளுக்கு இரண்டு தடவை, அந்த மரத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில்தான் முதலில் சிவக்கும். அடிக்கிளைகள் பச்சையாகவே இருக்கும். உச்சி மொட்டையாகும்போது அடிப்பக்கம் மஞ்சளாகும். கீழே விழுந்தவை காபித்தூள் நிறத்துக்கு வந்து மக்கும். இலையுதிர்காலம் என்றால் ஆரஞ்சும் பூசணிக்காயும் என்று நினைக்கிறவர்கள் மரத்தையே பார்த்ததில்லை என்பது அவள் கட்சி.

அந்த மரத்தைப் போர்வையில் கொண்டுவர அவளுக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. சாப்பாட்டறைச் சுவரில் ஒரு வெள்ளை ஃபிளானல் விரிப்பை ஆணியடித்து மாட்டினாள். வெட்டிய துண்டுகள் அதில் ஊசியில்லாமலே ஒட்டிக்கொள்ளும். கணவன் மெர்லுடைய முழங்கை கிழிந்த சட்டைகள், அக்காவின் சமையலறைத் திரை, தேவாலய விற்பனையில் கிடைத்த ஒரு தாத்தாவின் கட்டம் போட்ட பைஜாமா என்று வீட்டில் கிடந்ததெல்லாம் இலையானது. ஓர் இலையில் ஒரே துணி வரக்கூடாது. வெளிர் துணிக்குப் பக்கத்தில் அடர்த்தியான துணி வந்தால்தான் இலை கண்ணுக்குத் தெரியும். அதைச் சோதிக்க, எல்லாம் தூரத்தில் சின்னதாகத் தெரியும்படி, மெர்லுடைய வேட்டைத் தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கூடத்து மூலையிலிருந்து பார்ப்பாள்.

"மானைத் தேடறியா, துணியைத் தேடறியா?" என்பான் மெர்ல்.

"நீ மேசைய விட்டு நகரு. உன் தொப்பி கண்ணை உறுத்துது."

அந்தத் தொப்பியின் ஜோடியான வேட்டை மேலங்கி, மானென்று நினைத்து யாரும் சுட்டுவிடாமலிருக்க அணியும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில், முள்வேலியில் கிழிந்திருந்தது. அதிலிருந்தும் ஒரு சதுரம் வெட்டி, பழுப்பு இலைக் குவியலின் நடுவே வைத்தாள். நவம்பரில் காட்டுக்குள் ஓர் ஆள் நிற்பதுபோல இருந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

கடுகு மஞ்சள் திரைத்துணி பாதியில் தீர்ந்துபோனபோதுதான் அந்த யோசனை வந்தது. ஓர் இலையின் முனைக்குத் துணி போதவில்லை. பின்னணித் துணியையே அங்கே வைத்துப் பார்த்தாள். புழு கடித்த இலை! சிரித்துவிட்டாள். வேண்டுமென்றே இன்னும் ஆறு இலைகளைப் புழுவுக்குக் கொடுத்தாள்.

போன அக்டோபரில் தையல் சங்கக் கூட்டத்தில் அதைக் காட்டியபோது எல்லோரும் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்கள். "ஒரு படம் எடுத்துக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டாள் துணிக்கடை மார்லா ஃபெட்டர்ஹாஃப். எடுத்துக்கொள்ளச் சொன்னாள் நடீன். ஒரு படத்தில் என்ன வந்துவிடப்போகிறது?

இதுதான் வந்தது. சங்கத்துப் பெண்கள் எல்லோரும் அவளைக் கேட்டுத்தான் மார்லா விற்கிறாள் என்று நினைத்து அவளிடம் எதுவும் சொல்லவில்லையாம்.

"ஆறு மணிக்குப் பதிவு முடியுது. கிட் பிரிவு வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிடு" என்றாள் ஆர்ஃபா. "ஆதாரம் இருந்தா கொண்டா. நான் என்ன செய்ய, விதி அப்படி."

நடீன் போர்வையைச் சுருட்டித் தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். தான் பெற்ற பிள்ளையைத் தத்துப்பிள்ளை என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார்களே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

மார்லா கடையின் பின்னறையில் சனிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆறு பெண்கள், ஆறு தையல் இயந்திரங்கள். ஒவ்வொருத்தியின் முன்னாலும் அந்தப் பை. நடீன் ஒரு பையை எடுத்துக் கவிழ்த்தாள். எல்லாம் புத்தம்புதுத் துணி. வெளுத்ததுபோல அச்சடித்த புதுத் துணி. ஒன்றில் ஒட்டுப்போட்ட தையல்கூட அச்சாக இருந்தது.

"கிழிசலையுமா அச்சடிப்பாங்க?" என்றாள் நடீன்.

மார்லா வாயெல்லாம் பல்லாக வந்தாள். "நடீன்! உன்கிட்டச் சொல்லணும்னே இருந்தேன். உன் போர்வையப் பாத்துத்தான் எனக்கே ஒரு ஆசை வந்துச்சு."

"ஆசை வந்தா தைக்கணும். விக்கலாமா? கண்காட்சியில ஆர்ஃபா என் போர்வையையே உன் கிட்டுங்கறா."

"மேப்பிள் இலைக் கட்டம் நம்ம பாட்டிங்க காலத்துது. யாருக்கும் சொந்தமில்ல. படம் எடுக்கட்டுமான்னு கேட்டுத்தானே எடுத்தேன்?"

"படம்தான் குடுத்தேன். கடையக் குடுக்கல."

"பெருமைப்பட வேண்டிய விஷயத்துக்கு ஏன் இப்படிக் குதிக்கறே?"

நடீன் தலையணை உறையிலிருந்து போர்வையை உருவி, வெட்டும் மேசைமேல் உதறி விரித்தாள். கத்தரிகள் தெறித்தன. செய்முறைத் தாளை எடுத்து உரக்கப் படித்தாள்: "'கடிபட்ட இலை. ஏழு செய்யவும்.' இலை யாருடையதும் இல்ல மார்லா, ஒத்துக்கறேன். கடி என்னுது. என்கிட்ட மஞ்சத் துணி தீர்ந்துபோச்சு, அதனால கடிச்சேன். உனக்கு எந்தத் துணி தீர்ந்துச்சு? கடை நிறைய வச்சிருக்கியே, நீ ஏன் ஏழு கடிச்சே?"

மார்லா சிதறிய கத்தரிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற ட்வைலா பான்டர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "ஆமா, ஏன் ஏழு? நான் நேத்து கேட்டப்ப, மாதிரி வரையறப்ப தானா வந்துச்சுன்னியே?"

யாரும் தைக்கவில்லை. மார்லாவின் கழுத்து சிவந்தது. "சரி, தாள்ல 'நடீனுக்கு நன்றி'ன்னு சின்னதா ஒரு வரி போட்டுடறேன்" என்றாள்.

"சின்னதா எதுக்கு? உன் பேர் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிசா, அதுக்கு மேல போடு. துணி உன்னுது, போர்வை என்னுது."

ட்வைலா தன் பையையும் செய்முறைத் தாளையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா நடீன், ஆர்ஃபாகிட்ட நான் வந்து சொல்றேன். போன அக்டோபர் கூட்டத்துல நீ காட்டினப்ப நான் பக்கத்துல நின்னேன். இந்தத் தாள்ல ஏப்ரல்னு தேதி போட்டிருக்கு. ஆர்ஃபாவுக்கு எண்ணத் தெரியும்."

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கண்காட்சி மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். ஆர்ஃபா தாளைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், ஏழு இலைகளையும் விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு பதிவுப் புத்தகத்தில் ஒரு கோடடித்து 'சொந்த வடிவமைப்பு' என்று எழுதினாள். "விதின்னா இதுவும் விதிதான்" என்றாள்.

மூன்றாம் பரிசு கிடைத்தது. நடுவரின் குறிப்புச் சீட்டில் 'ஆரஞ்சுச் சதுரம் பொருந்தவில்லை' என்று இருந்தது. "பொருந்தினா வேட்டைக்குப் போறவன் செத்துடுவான்" என்று நடீன் மண்டபம் கேட்கச் சொன்னாள். மெர்ல் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

மார்லா கிட் பைகளுக்குப் புது அட்டை அச்சடித்தாள். நடீனின் பெயர் மேலேதான், பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்வோப் என்பது 'ஸ்லோப்' என்று விழுந்திருந்தது. தவறுதலாம். இருநூறு அட்டை அச்சாகிவிட்டதாம். அதற்கு நடீன் என்ன சொன்னாள் என்பதைத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் திருப்பிச் சொல்வதில்லை. அட்டைகள் குப்பைக்குப் போயின. சரியான பெயரோடு மறுபடி வந்தன.

யாராவது வந்து அந்தப் போர்வை வேண்டுமென்றால் நடீன் காகிதத்தில் வரைந்து சும்மாவே கொடுக்கிறாள். துணி மட்டும் அவரவர் வீட்டில் கிழிந்ததாக இருக்க வேண்டும். நூலுக்குக்கூட அவள் மார்லாவிடம் போவதில்லை. மலை தாண்டி நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போய் வாங்கி வருகிறாள்.

"ஒரு நூல்கண்டுக்கு நாற்பது மைலா?" என்கிறான் மெர்ல்.

"எண்பது," என்கிறாள் அவள். "திரும்பி வரவும் வேணும்ல?"