கண்டிகைப் பந்தலில் தணிகைமணியின் பாட்டு

தணிகைமணி என்று முருகன் பேரை வைத்துக்கொண்டு சர்ச்சில் கிதார் வாசிக்கிற ஆளை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குப் பெரியப்பா மகன். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலைக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அரக்கோணத்து அன்னம்மாளைக் கட்டியபோது அவர்கள் வழியில் சேர்ந்துகொண்டார். ஞானஸ்நானத்தின்போது வேறு பேர் வைக்கலாமே என்று பாஸ்டர் கேட்டாராம். "ஆதார், ரேஷன் கார்டு, லைசென்ஸ் எல்லாத்தையும் மாத்தணுமே பாஸ்டர். ஆண்டவருக்கு என்ன இந்தப் பேர்ல தெரியாதா?" என்று இவர் திருப்பிக் கேட்க, பாஸ்டர் சிரித்துவிட்டுத் தண்ணீரில் முக்கி எடுத்தார். பேர் அப்படியே நின்றுவிட்டது.

எங்களுடையது பம்பை வாசிக்கிற குடும்பம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வந்தாலும் சரி, ஆடி மாசத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் சரி, அந்த இரட்டை மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பது நாங்கள்தான். நாங்கள் அடித்தால்தான் சாமி வரும். அண்ணன் பம்பையை விட்டுவிட்டு கிதாருக்குப் போனார். நான் விடவில்லை. அதற்காக எங்களுக்குள் மனஸ்தாபம் எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு என் குடும்பம் அங்கே ஆஜராகிவிடும்.

அந்தப் பாட்டு அவருக்கு ஆட்டோவில் கிடைத்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் இருவரும் போனில் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி, கோபுரத்து முன்னால் எடுத்தது நன்றாயிருக்கிறதா, படிக்கட்டில் எடுத்ததா என்று ஒரே வாக்குவாதம். கீழே வந்ததும் அந்த அம்மாள், "ஐயோ, சாமிகிட்ட ஒண்ணுமே வேண்டிக்கலியே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாளாம். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்த்தால் அங்கேயும் அதே கதை. போனில் வேதாகமம் படிக்கிறேன் என்று குனிந்திருந்தவர்களில் பாதிப் பேர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வாரம் சவாரியையும் சரியாகப் பார்க்காமல் முனகிக்கொண்டே திரிந்தார். பிறகு என் வீட்டுக்கு வந்து கிதாரைத் தட்டிப் பாடிக் காட்டினார்.

"கையில வெளிச்சம், கண்ணுல இருட்டு,
கர்த்தர் கூப்புடுறார், காதுல பூட்டு.
தலையத் தூக்கு, தலையத் தூக்கு,
தட்டுற கதவு ஒன்னுதுதான் பாரு."

பாட்டு நன்றாகவே இருந்தது. பாராட்டினால் தலையில் ஏறிவிடும் என்று, "பரவால்ல" என்றேன்.

"பூபாலா, இதுக்கு நீ பம்பை அடிக்கணும்டா."

"சர்ச்சுலயாண்ணா? ஒங்க பாஸ்டர் எனக்குப் பேயோட்டிடுவாரு."

"அவர நான் பாத்துக்கிறேன். கிதாரு காதுல போவும். ஒடம்புல எறங்கணும்னா பம்பைதான்."

பாஸ்டரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தாரோ தெரியாது, சர்ச்சின் ஆண்டு விழாவில் பாட அனுமதி வாங்கிவிட்டார். கே.ஜி.கண்டிகையில் ரோட்டோரத்து மைதானத்தில் பந்தல். அண்ணன் எலெக்ட்ரிக் கிதார், நான் பம்பை, காலேஜில் படிக்கிற அவர் மகள் மோனிஷா கூடப் பாடுவாள். ஒரு மாதம் அவர்கள் வீட்டில்தான் பயிற்சி. அன்னம்மாள் அண்ணி எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, எந்த வரி காதில் விழவில்லை என்று சொல்வார். வீட்டில் சத்தம் என்று பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது அவர்களுடன் மல்லுக்கு நின்றவரும் அண்ணிதான். அந்தப் பாட்டில் அவருக்கும் பாதிப் பங்கு உண்டு என்று நான் யாரிடமும் சொல்வேன்.

விழா அன்று காலையில் அண்ணி எதுவும் சாப்பிடவில்லை. பாட்டு நன்றாக அமைய வேண்டும் என்று உபவாசம். அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டிருக்கிறார். "எதனா சாப்பிட்டுப் போம்மா" என்று மோனிஷா கெஞ்சியிருக்கிறாள். "பாட்டு முடியட்டும், நைனாவோட சேந்து சாப்பிடறேன்" என்றாராம். அண்ணனும் அப்போது அங்கேதான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் எங்கள் முறை வந்தது. பந்தல் நிறைய சனம். பம்பைச் சத்தம் கேட்டதும் ரோட்டில் போனவர்களும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்கள். சர்ச் விழாவில் பம்பையா என்று வேடிக்கை. முதல் சரணத்திலேயே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். இத்தனை வருஷம் ஆட்டோ ஸ்டாண்டில் பார்த்த ஆளா இவர் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கை உதறியது. அப்புறம் உடம்பு முழுக்க ஆடியது.

எங்கள் ஊரில் பம்பை அடிக்கும்போது ஒரு பொம்பளை ஆடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ரோட்டுப் பக்கம் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குப்பம்மாள் என்று ஒரு கிழவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "ஆத்தா, இன்னா வேணும் ஒனக்கு? சொல்லு தாயி!" என்று குறி கேட்க ஆரம்பித்துவிட்டாள். பாஸ்டர் ஓடிவந்து அண்ணியின் தலையில் கையை வைத்து, "இயேசுவின் நாமத்தினாலே விலகிப்போ!" என்று கத்தினார். அவருக்கு அது பேய், கிழவிக்கு அது அம்மன். இவர்களுக்கு நடுவில் அண்ணி துடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. சாமி வந்தவரின் முன்னால் பம்பையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. தாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் சாமி மலையேறும், ஆளும் அடங்குவார். பழக்க தோஷத்தில் என் கை தாளத்தை இறக்கியது. நான் இறக்கினேன், அண்ணி இறங்கவில்லை. கண் மேலே சொருகிக்கொண்டது. அப்படியே மண்ணில் விழுந்தார். பற்கள் கிட்டிப்போய் வாயோரம் நுரை வந்தது. எத்தனையோ பேர் ஆடுவதைப் பார்த்தவன் நான், இது ஆட்டமே இல்லை. அடிப்பதை நிறுத்தினேன்.

"ஏன்யா நிறுத்துற? அடிய்யா!" என்று ஒருவன் கத்தினான். நிமிர்ந்து பார்த்தேன். பந்தல் முழுக்கக் கைகள் உயர்ந்திருந்தன. அத்தனை கையிலும் போன். நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்தவர்களும் உண்டு. விழுந்து கிடக்கிறவளைத் தூக்க ஒருவர் குனியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பம்பையைத் தூக்கி அடித்திருப்பேன், இடுப்பில் கட்டியிருந்ததால் முடியவில்லை.

மோனிஷாதான் மைக்கைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தாள். "சாமியும் இல்ல, பேயும் இல்ல! எங்கம்மாவுக்கு சுகர் எறங்கிடுச்சு! வழி வுடுங்க!" என்று அலறினாள். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். துடிப்பு நின்றதும், டீக்கடையிலிருந்து யாரோ கொண்டுவந்த சர்க்கரையை விரலில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவினாள். முடிச்சை அவிழ்த்துப் பம்பையை மேடையிலேயே போட்டுவிட்டு, நானும் நான்கு பேரும் அண்ணியைத் தூக்கி அண்ணனின் ஆட்டோவில் கிடத்தினோம். அண்ணன் அதற்குள் வந்துவிட்டார். அவரை அண்ணி பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நான் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா இப்படித்தான் ஆவும். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆளே போயிருப்பாங்க" என்றார் டாக்டர். நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வீடியோ ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஒன்றில் "சர்ச்சுக்குள் வந்த அம்மன்" என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் "பாட்டு கேட்டு அலறி ஓடிய பேய்" என்று. பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். பாட்டு யாருடையது, எங்கே கிடைக்கும் என்று கேட்டு அண்ணனுக்குப் போன் மேல் போன். வேலூரில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், "அதே பம்பையோட வாங்க பிரதர்" என்று. நான் எடுத்துப் பேசி, வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு வைத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். அண்ணன் பக்கத்தில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வீடியோவைக் காட்டு என்று அண்ணி மகளிடம் கேட்டார். மோனிஷா முடியாது என்றாள். விடாமல் கேட்டு வாங்கிவிட்டார். தான் விழுவதை முகம் மாறாமல் பார்த்தார். திரும்ப ஒரு முறை போட்டுப் பார்த்தார். மூன்றாம் முறை ஓர் இடத்தில் நிறுத்தி, போனை அண்ணன் பக்கம் திருப்பினார்.

"இங்க நீ கண்ணத் தொறக்கற. என்னப் பாக்கற. பாத்துட்டு இன்னும் சத்தமாப் பாடற."

நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். எனக்குப் பக்கத்தில் நின்ற மனுஷனை நான் அந்த நேரத்தில் பார்க்கவே இல்லை.

அண்ணன் சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஆவி எறங்கிடுச்சுன்னு நெனச்சேன் அன்னம்மா. பாட்டு வேல செய்யுதுன்னு நெனச்சேன்."

"நான் சாப்புடலன்னு ஒனக்குத் தெரியும். சுகர்னு தெரியும். எனக்கு முடியலியோன்னு ஒனக்குத் தோணவே இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அண்ணி நம்பியிருப்பார், நாங்களும் நம்பியிருப்போம். ஆனால் தணிகைமணி அண்ணனுக்குப் பொய் வராது.

"தோணுச்சு" என்றார். "அந்தச் சரணம் முடியட்டும்னு இருந்தேன்."

அண்ணி போனை அணைத்து மகளிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பந்தலில் போனைத் தூக்கிப் பிடித்தவர்களை நான் ஒரு நாள் முழுக்கத் திட்டித் தீர்த்திருந்தேன். அதற்குப் பிறகு யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.