அப்பாவின் பச்சை வண்டிக்கு வந்த பதில்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், மர்பி டவுன் அக்கம்பக்கத்தாருக்கும், பீன்யா தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அட்டையில் அப்பாவின் முகத்தைவிட ஒரு பச்சைக் கார் பெரிதாக இருக்கிறதே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

அப்பா மர்பி டவுனிலேயே பிறந்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு டிங்கர் வேலைக்குப் போனார். நசுங்கிய காரின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. பிறகு பீன்யாவில், தகரத்தை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டை விடவில்லை. அப்பாவின் நல்ல குணங்களை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குடிக்க மாட்டார். சொன்ன நாளில் வண்டியைக் கொடுத்துவிடுவார். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருடமும் அம்மாவின் துணிகளை அவரே துவைத்தார். வாய் மட்டும் பொல்லாதது. அதில் அடிபட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே பாதிப்பேர் இருப்பீர்கள்.

பச்சை வண்டி அம்மா இறந்த வருடம் வந்தது. எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, அமெரிக்காவில் செய்தது. காக்ஸ் டவுனில் ஒரு பங்களாக் காம்பவுண்டில் செடிகொடி மண்டிப்போய்க் கிடந்தது. ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு அதிகாரி கப்பலில் கொண்டுவந்ததாக அந்த வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அப்பாவைப் பிடித்துக்கொண்டது வண்டியின் வேகமோ அழகோ அல்ல, ஸ்டீயரிங். அமெரிக்க வண்டிகளில் அது இடப்பக்கம் இருக்கும். இதில் வலப்பக்கம் இருந்தது.

அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஆஸ்திரேலியாவுக்கென்று அந்தக் கம்பெனியே வலப்பக்க ஸ்டீயரிங் வைத்து அனுப்பிய மிகச் சில வண்டிகளில் இது ஒன்றாக இருக்கலாம். அல்லது நம் ஊரில் ஏதோ ஒரு ஷெட்டில் இடப்பக்கத்திலிருந்து மாற்றியிருக்கலாம். முதலாவது என்றால் அது உலகத்தில் சில பேரிடம் மட்டுமே இருக்கிற பொருள். இரண்டாவது என்றால் பழைய கார், அவ்வளவுதான். எது என்று சொல்லக்கூடிய, எண் பொறித்த தகடு துருப்பிடித்து உதிர்ந்து போயிருந்தது. "இது கம்பெனி வண்டிதான், நான் நிரூபிச்சுக் காட்டறேன்" என்று அப்பா ஷெட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த ஒன்பது வருடம் அவருக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை.

நான் இதில் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் போன வீட்டில் வாழ முடியாமல் நான் திரும்பி வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அண்ணன் ஓசூரில் இருந்தார். எனவே வெளிநாட்டிலுள்ள பழைய கார் சங்கங்களுக்கு மெயில் எழுதுவதும், வந்த பதிலைத் தமிழில் படித்துச் சொல்வதும் என் வேலையாயிற்று. அப்பா எதிரில் முக்காலியில் உட்கார்ந்து கேட்பார். ஒரு சொல்லை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

வண்டியைச் சுரண்டி வெறும் தகரமாக்கியபோது ஒரு ஒட்டு வெளியே வந்தது. இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவரில், இடப்பக்கம், கையகலத்துக்கு. கோணல்மாணலாக வெட்டி, வெல்டிங் திட்டுத்திட்டாக வழிந்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அப்பாவோடு முப்பது வருடம் வெல்டிங் வேலை செய்த பாஷா மாமாவும் அன்று ஷெட்டில் இருந்தார்.

"அரே, எந்தக் கசாப்புக்காரன் பண்ண வேலைடா இது?" என்றார் மாமா.

"நம்ம ஊர்க்காரன் எவனோ கைய வெச்சிருக்கான். அறுத்து எடுத்துட்டுப் புதுத் தகரம் போட்டுடலாம்" என்றார் அப்பா.

நான் குறுக்கே போனேன். "அப்பா, இதப் பத்தி ஆஸ்திரேலியா சங்கத்துக்கு எழுதிக் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

அன்றைக்கு ஷெட்டில் கார்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பா என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சொன்னார். "ஒரு புருஷனோட ஒட்டி இருக்கத் தெரியல. ஒட்டுப் போடறதப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டா. சும்னே உள்ள போ."

எல்லோரும் சிரித்தார்கள். பாஷா மாமா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். நான் உள்ளே போனேன்.

ஆனாலும் அப்பா அறுக்கவில்லை. நான் சொன்னது மனதில் தைத்திருக்க வேண்டும். ஞாயிறு வரை பொறுப்பதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை பதில் வந்தது. சங்கத்தில் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். "அந்த ஒட்டைத் தொடாதீர்கள். ஏற்றுமதி வண்டிகளில் ஸ்டீயரிங்கைக் கம்பெனி அவசரமாகக் கையால் வெட்டித்தான் வலப்பக்கம் மாற்றியது. அந்த முரட்டு வேலைதான் அடையாளம். படம் எடுத்து அனுப்புங்கள், சான்றிதழ் தருகிறேன்."

அன்று மாலை அப்பா முக்காலியில் வந்து உட்கார்ந்தார். "மெயிலு ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரலப்பா."

வெள்ளிக்கிழமை கேட்டார், சனிக்கிழமையும் கேட்டார். அதையேதான் சொன்னேன். ஞாயிறு காலை அறுத்தார்கள். அறுக்கும் சத்தம் அடுப்படி வரை கேட்டது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அறுத்த துண்டு அந்த வாரமே மற்றத் துருத் தகரத்தோடு பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. அப்பா போட்ட புதுத் தகரம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து அந்தச் சங்கத்திலிருந்து வேறொருவர் இந்தியா வந்தபோது வண்டியைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். டார்ச் அடித்து வண்டியின் இடப்பக்கத் தகரச் சுவரை வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு சுத்தமான வேலையைக் கம்பெனி செய்யாது, இது உள்ளூரில் யாரோ மாற்றிய வண்டி என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். அப்பா ஒட்டைப் பற்றிச் சொன்னார். வந்தவர் கம்பெனி போட்ட ஒட்டு ஒன்றின் படத்தைக் காட்டி இப்படியா இருந்தது என்று கேட்டார். அப்பா படத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தத் துண்டு இருக்கிறதா?" என்று அவர் கேட்டதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

அதன்பிறகு அப்பா சுத்தியலைத் தொடவில்லை. யார் வந்தாலும், "என் கையாலயே அறுத்துப் போட்டேன்" என்று அவராகவே சொல்லிக்கொள்வார். நான் காபி கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போன வருடம் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இத்தனை வருடம் இழுத்த பெயின்ட் தூசி என்றார் டாக்டர். ஒரு மத்தியானம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் தணிந்து பேசினார்.

"உன்ன அன்னிக்கு அத்தன பேரு எதிர்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நீ சொன்னாப்ல பொறுத்திருக்கலாம். என்ன பண்றது, அந்தப் பதிலுதான் வரவே இல்லையே."

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் நிம்மதியாகப் போயிருப்பார்.

"வந்துச்சுப்பா" என்றேன்.

மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. இனி அவர் எழுந்து வந்து என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். அவருக்கும் வலிக்கட்டும் என்று நினைத்தேன்.

"எப்ப?"

"வியாழக்கிழமை."

விரல்விட்டு எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு. "என்ன எழுதியிருந்தான்? சொல்லு." எனக்கு மனப்பாடம். சொன்னேன். "இன்னொரு வாட்டி" என்றார். மூன்று முறை சொல்ல வைத்தார். பிறகு என் கையை விட்டார்.

அண்ணன் வந்ததும் அவரிடம், "எனக்கு மலர் போட்டா இவளே எழுதட்டும். இந்த வாட்டியாவது வந்தத வந்தாப்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டட்டும்" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தார். நர்சிடம் பேசினார், பாஷா மாமாவிடம் பேசினார், என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. கடைசி நாள் நான் தண்ணீர் கொடுத்தபோது வாயை இறுக்க மூடிக்கொண்டார். அதே டம்ளரை அண்ணன் வாங்கிக் கொடுத்தபோது குடித்தார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும், கடைசிவரை கூட இருந்த பாஷா மாமாவுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் நன்றி. கேட்ட உடனே பதில் எழுதிய அந்தப் பெரியவருக்கும் நன்றி. நினைவு நாளன்று எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு, எல்லோரும் வர வேண்டும். பந்தியில் நான்தான் பரிமாறுவேன். இதைப் படித்தபின் என் கையால் வாங்கிச் சாப்பிட மனமில்லாதவர்களுக்கு அண்ணி பரிமாறுவார்.