மற்றவை என்ற பெட்டி

அலுவலகத்தில் அவளைப் பெட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள். வீட்டுச் சாமான்கள் விற்கும் கம்பெனி அது. இணையதளத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பக்கங்கள். பக்கத்தை ஏற்றுகிறவர்கள் மெத்தை, பாத்திரம், திருப்பி அனுப்புதல் என்று ஆளுக்கொரு வகைப் பெயர் போட்டுவிடுவார்கள். அப்படிச் சேர்ந்த நூற்றுப்பத்து வகைகளையும் சாமான், வாசிப்பு, உதவி என்பது போன்ற எட்டே குழுக்களுக்குள் அடக்குகிற அட்டவணை அவள் கையில் இருந்தது. ஒரு வகைக்கு ஒரு வரி. வரி இல்லாத வகை தானாகவே 'மற்றவை'யில் போய் விழும். எந்தக் குழுவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மாதக் கடைசியில் அறிக்கை போகும். ஆறு வருஷமாக அதில் ஒரு பிசகு கிடையாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் மனைவிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அந்தப் பெண் 'வீட்டு யோசனை' என்ற வகையில் எழுத ஆரம்பித்தாள். கறை போக்குவது, அலமாரி அடுக்குவது மாதிரியான சின்னச் சின்ன விஷயங்கள். நாலே மாதத்தில் அதைப் படிக்கக் கூட்டம் கூடிவிட்டது. வீட்டில் மாமியார் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூத்த மருமகளான அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். குளியலறைக் கதவு கிறீச்சிடுகிறது என்று இரண்டு வருஷமாகப் புருஷனிடம் தொண்டை வற்றச் சொல்லியிருந்தாள். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குப்பியோடு கதவருகே உட்கார்ந்திருந்தான். தம்பி பெண்டாட்டி எழுதியதைப் படித்தானாம், இவ்வளவு சுலபம் என்று தெரியாதாம். இதை அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை அட்டவணையைத் திறந்து, 'வீட்டு யோசனை' வரியை அழித்தாள். அவ்வளவுதான். அந்தப் பக்கங்களைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அன்றிலிருந்து 'மற்றவை'யில் எண்ணப்பட்டார்கள்.

மாத அறிக்கையில் 'வீட்டு யோசனை' இருந்த வாசிப்புக் குழு கால்வாசியாகச் சுருங்கியிருந்தது. மேலாளர் எண்ணை மட்டும் பார்க்கிற ரகம். அடுத்த மாதத்தோடு அந்த எழுத்தை நிறுத்திவிடலாம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். மூத்தவள் மேசையைப் பார்த்தபடி இருந்தாள். உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியதை அவள் பிறகு தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது இளையவள் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் எழுதுறது நல்லா இல்லையா? எல்லாரும் சும்மா புகழறாங்களா? நீங்க சொன்னா நான் நம்புவேன்."

"நல்லாத்தான் எழுதுற" என்று மட்டும் சொன்னாள் மூத்தவள். அதற்குமேல் நிற்க முடியாமல் பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள்.

மறுநாள் வரியைத் திரும்பச் சேர்த்தாள். ஆனால் ஏற்கெனவே எண்ணியதை மாற்ற வழியில்லை. அந்த மூன்று வாரம் 'மற்றவை'யிலேயே கிடக்கும். அதனால் மேலாளரிடமே போக வேண்டியிருந்தது. வரி போய்விட்டது, எடுத்தது நான்தான் என்றாள். கை தவறிப் பட்டுவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார். அவள் திருத்தவில்லை. எழுத்து தொடரட்டும் என்று சொன்னவர், இனி அட்டவணையை இன்னொரு ஆளும் சரிபார்க்க வேண்டும் என்றார். பக்கங்களை நன்றாக அறிந்தவள் என்று அவர் காட்டியது இளையவளை.

பத்தே நாளில் இளையவள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். ஒரு மதியம் நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாகச் சொன்னாள்: 'திரைச்சீலை' வகை இரண்டு வருஷமாகச் சாமான் குழுவுக்குப் பதில் உதவிக் குழுவில் தப்பாக எண்ணப்படுகிறது, யாருக்கும் சொல்லவில்லை, அக்காவே மாற்றிவிடலாம்.

மூத்தவள் அட்டவணையைத் திறக்கவில்லை. "உன் வரிய நான் வேணும்னேதான் எடுத்தேன்" என்றாள்.

இளையவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். யார், எப்ப, எதை மாத்துனாங்கன்னு எல்லாம் அட்டவணையிலயே பதிஞ்சிருக்கு. சரிபார்க்க உட்கார்ந்த முதல் நாளே பார்த்துட்டேன். அன்னிக்கு பூரா அழுதேன் அக்கா."

வீட்டில் யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மூத்தவளுக்கு. இத்தனை நாள் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் நின்றும் ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. தன்னால் அப்படி ஒரு நாள் இருந்திருக்க முடியாது என்று நினைத்தபோது, அந்தப் பொறுமையின் மேலேயே பொறாமை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வந்தது.

"முதல்ல திரைச்சீலைய மாத்துங்க" என்றாள் இளையவள். "ரெண்டு வருஷமா தப்பா எண்ணுனதையும் மேலாளர்கிட்ட சொல்லிடலாம். கூட நானும் வர்றேன்."