ஒட்டவைத்த கொம்பு

ஊரில் பாதிப் பேரின் மூக்கில் கண்ணாடியை ஒழுங்காக உட்காரவைத்த பெருமை அவருக்கு உண்டு. கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டுவது தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் பூச்சி ஆர்வலர் குழுவோடு வலையும் தொப்பியுமாகக் கிளம்பி, வயல்வெளிகளில் காட்டுத் தேனீயும் குளவியும் பிடித்து, ஊசியில் குத்தி, இன்ன இனம் என்று கண்டுபிடிப்பது தொண்டு. தொண்டு என்று சொன்னது அவர். மனைவியின் அண்ணன் அவருக்குச் சூட்டிய பட்டம் 'குளவி'.

"என்ன குளவி, இன்னைக்கு எத்தனை கொலை?" என்பார் மச்சான், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

மனைவியின் வழக்கு வேறு. ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் செத்த தேனீ டப்பா. "யாராவது ரொட்டில தடவிட்டா நான் பொறுப்பில்ல," என்று அவள் கல்யாணமான நாள் முதல் எச்சரித்து வருகிறாள்.

இந்த வழக்கை முடித்துவைக்கத்தான் ஓடைக்கரைப் புதரில் அந்தத் தேனீ வலையில் விழுந்தது. நெற்றியில் இரண்டு மஞ்சள் கொம்பு! அவரிடமிருந்த எந்தப் புத்தகத்திலும் அப்படியொரு தேனீ இல்லை. அங்கேயே, சேற்றில் நின்றபடி, குழுவினரிடம் அறிவித்துவிட்டார். இது புது இனம்; இதற்கு என் மனைவியின் பெயர்.

"கொம்பு முளைச்சதுக்குத்தான் என் ஞாபகம் வந்துச்சா?" என்றாள் மனைவி. ஆனாலும் மாலைக்குள் சொந்தபந்தம் முழுவதற்கும் செய்தி போய்விட்டது. வெண்ணெயைப் பின்னுக்குத் தள்ளி டப்பாவை முன்னால் வைத்தவளும் அவளே.

அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவைக் கவனிக்கும் அம்மாள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முதல்நாள், விறைத்த கால்களை விரித்து அழகுபடுத்தலாம் என்று தேனீயை ஈர மணல் டப்பாவில் வைத்தார். காலையில் கால்கள் இளகியிருந்தன. கொம்புகள் மணலில் கிடந்தன.

மனிதர் ஒரு நிமிடம் நேர்மையாக யோசித்தார். பிறகு, உடைந்த பிரேம் ஒட்டும் பசையை எடுத்தார்.

குழுவினர் வரிசையில் நிற்க, அம்மாள் முதலில் நுண்ணோக்கியில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. அந்தப் பசை காயும்போது சுற்றிலும் பனிபோல வெள்ளையாகப் படியும். வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்லும் எச்சரிக்கை; அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அம்மாள் விளக்கை அணைத்தார். "பல்பு சரியில்ல. இன்னொரு நாள் பாக்கலாம்."

பல்பு அதுவரை ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் போனபின் அம்மாள் டப்பாவை அவர் கையில் கொடுத்தார்.

"அது கொம்பில்ல சார். சில பூவுல மகரந்தம் கட்டியா இருக்கும். தேன் குடிக்கப் போனா நெத்தியில ஒட்டிக்கும். இப்படி ஏமாறது எங்க எல்லாருக்கும் நடந்திருக்கு." நுண்ணோக்கிக்கு உறை போட்டார். "பசை மட்டும் யாருக்கும் நடக்கல."

திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபமாவது பட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் வீடு வந்தார். கூடத்தில் மச்சான் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். மனைவி புதுப் புடவையில் இருந்தாள்.

"பேர் வெச்சாச்சா?"

பல்பு சரியில்லை என்ற பொய் இலவசமாகக் கிடைத்திருந்தது. வாய் வரைக்கும் வந்தது. புடவையைப் பார்த்தார், வரவில்லை.

"அது கொம்பில்ல. பூவோட மகரந்தம். உதிர்ந்துடுச்சு. நான்தான் ஒட்டிக் கொண்டுபோனேன். அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க."

"என் பேர்லயா?" என்றாள் மனைவி. டப்பாவை வாங்கி ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பின்னால் வைத்துவிட்டு, புடவை மாற்ற உள்ளே போனாள்.

அவர் மச்சானின் சிரிப்புக்காகக் காத்திருந்தார். அது வந்தால் தேவலை என்றிருந்தது. மச்சான் செய்தித்தாளை மடித்துவைத்து எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க மாப்பிள்ளை," என்றார், மிகுந்த மரியாதையோடு.