எங்கள் வீடு என்றொரு மலை

எழுபதுகளின் நடுவில் ஷார்ஜாவில் ஒரு நில அளவைக் கம்பெனியில் நான் டிராஃப்ட்ஸ்மேன். ராஸ் அல் கைமாவுக்கு உள்ளே தள்ளி இருக்கும் மலைகளுக்கு வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தோம். மற்ற மலைகளுக்கெல்லாம் பெயர் கிடைத்துவிட்டது. அத்தனையிலும் உயரமான ஒன்று மட்டும் பெயரில்லாமல் என் மேஜையில் கிடந்தது. அதனால் என் மனைவி திருச்சியில் கிடந்தாள்.

சம்பந்தம் இருக்கிறது. இந்த வரைபட ஷீட் முடிகிற அன்றைக்கே குடும்ப விசாவுக்குக் கையெழுத்துப் போடுவதாக எங்கள் வெள்ளைக்கார மேலதிகாரி சொல்லியிருந்தார். நான் கப்பலேறிய பிறகு பிறந்த மகளை ஃபோட்டோவில்தான் பார்த்திருந்தேன். அவள் பேசக்கூட ஆரம்பித்துவிட்டாளாம். அந்தக் குரலைக் கேட்காமலே போய்விடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. உள்ளூர்க்காரர் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும், இருவரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். மேற்கு அடிவாரத்தில் கேட்டோம். சூரியன் வரும் மலை என்றார்கள். கிழக்கு அடிவாரத்தில் கேட்டோம். சூரியன் போகும் மலை என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம்தான். விதிக்கு அந்த நியாயம் புரியவில்லை.

சரி, உச்சியில் யாராவது இருந்தால் கேட்கலாம் என்றேன், எரிச்சலில். மேலதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு உள்ளூர ஓர் ஆசை, அந்த மலையில் கால் வைத்த முதல் மனிதன் தானாக இருக்க வேண்டும் என்று. பெட்டியிலிருந்து சின்னதாக ஒரு கொடியை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். அரபி பேச, ஷார்ஜாவின் ரோலா பகுதியில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை பாயைக் கூட்டிக்கொண்டோம்.

மேலதிகாரி ஆணியடித்த பூட்ஸில் ஏறினார். பாய் ரப்பர் செருப்பில், தோளில் ஒரு மூட்டையோடு ஏறினார். மூட்டையில் என்ன என்று கேட்டதற்கு, தேயிலை, சீனி, நாலு டார்ச் லைட் என்றார். போகிற இடத்தில் ஆள் இருந்தால் வியாபாரம் ஆகுமாம். எனக்கு மூச்சு வாங்கியதில் சிரிக்க முடியவில்லை.

ஆள் இருந்தார். உச்சியில் ஒரு கல் வீடு, ஒரு துண்டு கோதுமை வயல், கயிற்றில் காயப்போட்ட துணி. கிழவர் ஒருவர் கஹ்வா காப்பி கொண்டுவந்து வைத்தார். மேலதிகாரி முகம் செத்துப்போனாலும் விடாமல் வயல் நடுவில் கொடியை நட்டார். கிழவர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, குருவி விரட்ட நல்லது என்று நன்றி சொன்னார். பாய் இரண்டு டார்ச்சை விற்றுவிட்டார்.

பிறகு பெயர் கேட்டோம். இந்த மலைக்கு என்ன பெயர் என்றதற்குக் கிழவர், எந்த மலை என்றார். நாம் நிற்கிற மலை என்றோம். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பைத்னா" என்றார்.

"எங்க வீடுங்கிறாரு சார்," என்றார் பாய். "மலைன்னா, அந்தா எதுத்தாப்புல தெரியுதே, அதுவாம்."

மேலதிகாரி சுவருக்குப் பின்னால் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த கிழவியைத் தனியாகக் கேட்கச் சொன்னார். பாய் கேட்டார். கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் கேட்கிறானே என்ற சலிப்போடு அந்த அம்மாளும் "பைத்னா" என்றாள்.

இரண்டு பேர், தனித்தனியாக, ஒரே பெயர். அர்த்தம் கேட்கச் சொல்லி விதியில் இல்லை என்றார் மேலதிகாரி. அது பெயரே இல்லை என்று விளக்க பாய் வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாய், புண்ணியமாப் போகும், சும்மா இருங்க. எம்புள்ள வரணும்."

மறுநாளே வரைபடத்தில் ஜபல் பைத்னா, அதாவது பைத்னா மலை, என்று மை போட்டு எழுதினேன். கையெழுத்தும் கிடைத்தது.

துபாய் விமான நிலையத்தில், பேசுவது காதில் விழும் தூரத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் மனைவி, இடுப்பில் மகள். குடியேற்ற அதிகாரி கணவர் பெயரைக் கேட்கிறார். பெட்டி தூக்கும் மலையாளி ஒருவர் தமிழில் கேட்டுச் சொல்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. சொன்னால் என் ஆயுசு குறையுமாம். அதிகாரி முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். அவள் என்னைக் கைகாட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர்."

இப்படி ஒரு பெயர் அவரிடம் இருந்த காகிதத்தில் இல்லை. மறுபடி கேட்டார், மறுபடியும் அதையே சொன்னாள். அவர் அலுத்துப்போய்க் குழந்தை பக்கம் திரும்பி, அது யார் என்று என்னைக் காட்டிக் கேட்டார். என்னை அதற்கு முன் பார்த்தே இராத என் மகள் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு அம்மா சொன்னதையே அப்படியே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர்."

மலையாளி அதை அரபியில் மொழிபெயர்த்தபோது "பைத்னா" என்ற சொல் என் காதிலும் விழுந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார்.